கேள்வி – பதில்: மூன்றாம் தலைமுறை தாங்குமா?

கேள்வி: குடும்பத் தொழில்களில் பத்தில் ஒன்றுதான் மூன்றாம் தலைமுறையைத் தாண்டும் என்கிறார்களே, இவற்றை நம்பி ஒரு நாட்டின் பொருளாதாரம் நிற்க முடியுமா?

பதில்: இந்தக் கணக்கின் மூலம் பெரும்பாலும் ஒரே ஓர் ஆய்வுதான். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் வார்ட், இல்லினாய் மாநிலத்து உற்பத்தி நிறுவனங்களின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்து, மூன்றாம் தலைமுறை முடியும்வரை அதே குடும்பத்தின் கையில் இருந்தவை 13 விழுக்காடு என்று 1987இல் எழுதினார். நல்ல விலைக்குக் கைமாறிய நிறுவனமும், கடனில் மூழ்கிய நிறுவனமும் இந்த 13க்கு வெளியேதான் நிற்கின்றன. தவிரவும், மூன்று தலைமுறை என்பது ஏறக்குறைய அறுபது ஆண்டுகள்; குடும்பம் சாராத நிறுவனங்களில் எத்தனை அத்தனை காலம் நீடிக்கின்றன என்று இதைச் சொல்பவர்கள் கேட்பதே இல்லை.

குடும்ப முதலீட்டின் பலம் அதன் பொறுமை. 1668இல் ஒரு மருந்துக்கடையாகத் தொடங்கிய ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்தில் இன்றும் ஏறத்தாழ 70 விழுக்காடு அந்தக் குடும்பத்திடம் இருக்கிறது. பலன் தெரியப் பத்தாண்டுக்கு மேல் ஆகும் மருந்து ஆராய்ச்சிக்கு, காலாண்டு லாபத்தைக் கேட்டு அவசரப்படாத உரிமையாளர் பெரிய துணை. சிறிய அளவிலும் இதே கதைதான்: விற்பனை படுக்கும் மாதத்தில் கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுப்பதைக் குறைத்துக்கொண்டு, வேலையாட்களுக்குச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்துவிடும் முதலாளிகள் உண்டு. ஆனால் அதே கல்லாவிலிருந்துதான் திருமணச் செலவும் போகும் என்பதால், வீட்டுக் கணக்கும் தொழில் கணக்கும் கலந்துபோய், தொழிலில் லாபமா நட்டமா என்றே தெரியாமல் போவதும் உண்டு.

கேள்வி: என் மூத்த மகனுக்குத் தொழிலில் நாட்டமில்லை. இளைய மகள் நான்கு ஆண்டுகளாக எல்லாவற்றையும் கவனித்து வருகிறார். பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது?

பதில்: பதிலை உங்கள் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். கி.பி. 578இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஜப்பானின் கோங்கோ குமி என்ற கோயில் கட்டுமான நிறுவனம் நாற்பது தலைமுறை நீடித்ததற்கு ஒரு காரணம், மூத்த மகன் என்ற ஒரே தகுதியைப் பார்க்காமல், வேண்டியபோது மருமகனைத் தத்தெடுத்து அவரிடம் பொறுப்பைக் கொடுத்ததுதான். 1930களில் கணவரை இழந்த ஒரு பெண்மணியே தலைமையேற்று அதைக் காப்பாற்றினார். அந்த நிறுவனமும் நிலத்தில் முதலீடு செய்யக் கடன் வாங்கிச் சிக்கி, 2006இல் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பங்கு வேறு, நிர்வாகம் வேறு. மகனுக்கு உரிய பங்கையும் அதன் ஆதாயத்தையும் கொடுங்கள். நிர்வாகத்தையும் கையெழுத்து அதிகாரத்தையும் மகளிடம் ஒப்படையுங்கள். இரண்டையும் நீங்கள் நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே எழுத்தில் பதிவு செய்யுங்கள். அதற்கு முன் மகனிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்ல அவரும் ஒரு வாய்ப்புக்காகக் காத்திருக்கக்கூடும்.