வீட்டுப் பின்புறத்தில் கயோட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காலமை பத்து மணிக்கு எங்கட பின்வளவுக்குள்ள ஒரு கயோட்டி நிண்டது. பட்டப்பகலில வாறதெண்டால் அதுக்கு விசர் பிடிச்சிருக்கெண்டு அயலில சொல்லுகினம். உண்மையோ? (ஸ்கார்பரோ)

பகலில் வந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து விசர், அதாவது வெறிநோய், என்று சொல்ல முடியாது. கயோட்டி, அதாவது ஓநாயைவிடச் சிறிய வட அமெரிக்கக் காட்டு நாய், பகலிலும் நடமாடக்கூடிய விலங்குதான். நகரத்தில் மனிதர்களுக்கு ஒதுங்கியே இரவுக்குப் பழகிக்கொண்டது. ஏப்ரல், மே மாதங்களில் குட்டி ஈன்ற பிறகு இரை கூடுதலாகத் தேவைப்படும். அந்த நாள்களில் காலையிலும் நண்பகலிலும் கண்ணில் படும்.

பார்க்க வேண்டியது நடையை. தள்ளாடுகிறதா, பின்னங்கால் இழுபடுகிறதா, திக்குத் தெரியாமல் ஒரே இடத்தைச் சுற்றுகிறதா, வேலியையும் கட்டையையும் கடிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு நகராட்சியின் 311 எண்ணை அழையுங்கள். விசராக இல்லாமல் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது, பிரித்தறிய வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை.

அடுத்து, உங்களைக் கண்டதும் அது என்ன செய்தது? விலகி ஓடியிருந்தால் கவலை இல்லை. நின்று பார்த்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டிருந்தால் அக்கம்பக்கத்தில் யாரோ தீனி போடுகிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். நோயுள்ள கயோட்டியைவிட, தீனிக்குப் பழகிய ஆரோக்கியமான கயோட்டியால்தான் குடியிருப்புகளில் தொல்லை அதிகம்.

பார்த்தது நரியா, கயோட்டியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (நியூ ஜெர்சி)

வாலைப் பாருங்கள். செந்நரிக்கு வால் நுனி வெள்ளை, கால்கள் கறுப்பு, எடை பெரும்பாலும் 4 முதல் 6 கிலோ. கயோட்டிக்கு வால் நுனி கறுப்பு. ஓடும்போது வாலைத் தாழ்த்தியே வைத்திருக்கும். உங்கள் பக்கத்துக் கிழக்குக் கயோட்டிகளுக்கு ஓநாய், நாய் இரண்டின் மரபும் கொஞ்சம் கலந்திருப்பதால் மேற்கில் உள்ளவற்றைவிடப் பெரியவை. 15 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். குளிர்கால ரோமத்தில் இன்னும் பெரிதாகத் தெரியும்.

மாலையில் என் ஆறு வயதுப் பையனோடு நடந்துகொண்டிருந்தேன். பாதையில் ஒரு கயோட்டி எதிரே வந்து நின்றுவிட்டது. ஊரில் தெரு நாயைக் கண்டால் குனிந்து கல்லெடுப்பதுபோல் பாவனை செய்வோமே, அதையே செய்யலாமா? (இர்வைன், கலிஃபோர்னியா)

குனியாதீர்கள். ஊர் நாய் கல்லடி பட்டுப் பழகியது. குனிந்ததுமே அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரியும். கயோட்டிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. குனிகிற ஆள் அதன் கண்ணுக்குச் சின்ன உருவமாகிறார், அவ்வளவுதான்.

முதல் வேலை பையனைத் தூக்கிக்கொள்வது. தூக்க முடியாத வயதென்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, சட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓடக் கூடாது, அவனையும் ஓட விடக் கூடாது. கயோட்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. முகத்தை அதை நோக்கியே வைத்துக்கொண்டு, இருக்கிற கையை உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து கத்துங்கள். "போ!" என்றாலும் சரி, "ஏய்!" என்றாலும் சரி, மொழி முக்கியமில்லை. கீச்சென்ற அலறல் மட்டும் வேண்டாம்; கனமான குரலாக இருக்கட்டும். அது போவதற்கு ஒரு வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அதை நோக்கி இரண்டடி எடுத்து வையுங்கள்.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். கயோட்டி பத்துப் பதினைந்தடி பின்வாங்கி, நின்று, திரும்பிப் பார்க்கும். "சரி, பயந்துவிட்டது" என்று நாம் கத்துவதை நிறுத்திவிடுவோம். கொஞ்சம் தள்ளி நின்றால் இந்த ஆள் ஓய்ந்துவிடுவார் என்று அது கற்றுக்கொள்ளும். அடுத்தமுறை விரட்டுவது அந்த அளவுக்குக் கடினமாகும். பார்வையிலிருந்து முழுதாக மறையும் வரை விடாதீர்கள். வீட்டுக்குள்ளிருந்தோ காருக்குள்ளிருந்தோ கத்துவதிலும் பயனில்லை. சத்தம் மனிதரிடமிருந்து வருகிறது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

கையில் வைத்துக்கொள்ள மலிவானவை: ஒரு விசில், பொத்தானை அழுத்தினால் பட்டென்று விரியும் குடை, அல்லது காலியான சோடா கேனில் பத்து நாணயங்களைப் போட்டு வாயை டேப்பால் ஒட்டிய கிலுகிலுப்பை. வீட்டுத் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் நல்ல ஆயுதம். ஒன்றையே தினமும் பயன்படுத்தினால் பழகிவிடும், மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். தானாக மின்னும் விளக்கு, காதுக்குக் கேட்காத ஒலிக்கருவி, கடையில் விற்கும் ஓநாய் மூத்திரம் இவற்றுக்கெல்லாம் அது சீக்கிரமே பழகிவிடுகிறது. காசுக்குக் கேடு.

பையனுக்கு வீட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று தடவை ஒத்திகை வையுங்கள்: நில், கையைத் தூக்கு, கத்து, பின்பக்கமாகவே நட. "ஓடாதே" என்று வெறுமனே சொல்லி வைத்தால் அந்த நேரத்தில் கால் கேட்காது.

கயோட்டி ஆளைக் கொன்றதுண்டா?

அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்துப் பதிவாகியிருப்பவை இரண்டு. 1981-இல் கலிஃபோர்னியாவின் கிளெண்டேலில் மூன்று வயதுக் குழந்தை. 2009-இல் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் தேசியப் பூங்காவில் 19 வயதுப் பெண். கேப் பிரெட்டன் கயோட்டிகள் மனிதத் தீனிக்குப் பழகியவை அல்ல என்றும், அங்கே அவை மூஸ் மானையே பெரிதும் நம்பி வாழ்ந்தன என்றும் பின்னால் ஆய்வில் தெரிந்தது. அது விதிவிலக்கு. மற்றபடி கடிகள் பெரும்பாலும் சிறு காயங்களே. தனியே நிற்கும் சிறு குழந்தைதான் கவலைப்பட வேண்டிய இடம். கயோட்டி நடமாட்டமுள்ள தெருவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பின்தோட்டத்தில் தனியே விடாதீர்கள்.

மே மாதத்தில் ஒரே பாதையில் நாயோடு போகும்போதெல்லாம் ஒரு கயோட்டி பின்னாலேயே வருகிறது. தாக்குவதில்லை, ஒரு மரத்தடி வரை வந்து நின்றுவிடுகிறது. விரட்டட்டுமா? (சிகாகோ புறநகர்)

வேண்டாம். பக்கத்தில் பொந்து இருக்கிறது, குட்டிகள் இருக்கின்றன. அந்த மரம் அதன் எல்லை. உங்கள் நாயை அது இன்னொரு கயோட்டியாகக் கணக்கிட்டு வழியனுப்பி வைக்கிறது. இந்த நேரத்தில் விரட்டினால் ஓடாது, எதிர்க்கும். இடத்தைவிட்டுப் போக அதற்கு முடியாதே. நாயைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கி நடந்து விலகுங்கள். ஜூலை முடியும் வரை வேறு பாதையில் போங்கள்.

உங்கள் ஊர் குக் கவுண்டியில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே ஆய்வாளர்கள் கயோட்டிகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்து வருகிறார்கள். பெரும்பாலானவை மனிதரோடு எந்தத் தகராறும் இல்லாமலே வாழ்ந்து முடிகின்றன என்பது அதில் தெரியவந்த முக்கியமான செய்தி. அவற்றின் மல மாதிரிகளைப் பரிசோதித்ததில் (ஒரே மாதிரியில் பல இரைகள் இருக்கலாம்) சிறு கொறிவிலங்குகள் 42 சதவீதத்திலும், பழம் 23 சதவீதத்திலும், மான் 22 சதவீதத்திலும், முயல் 18 சதவீதத்திலும் இருந்தன. பூனை இருந்தது மிகச் சொற்பம்.

எங்களிடம் 5 கிலோ ஷிட்சு நாய் இருக்கிறது. நீளும் பட்டையில்தான் கூட்டிப்போகிறோம். போதுமா? கயோட்டி கவ்விவிட்டால் என்ன செய்வது?

நீளும் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு 6 அடி நிலையான பட்டை வாங்குங்கள். நீளும் பட்டையில் நாய் பதினைந்து, இருபதடி முன்னால் போய்விடும். பூட்டுப் பொத்தானை அழுத்துவதற்குள் காரியம் முடிந்துவிடும். மெல்லிய கயிற்றைக் கையால் பிடித்து இழுத்தால் உள்ளங்கை அறுந்துபோகும். நடுமுதுகில் கைப்பிடி உள்ள மார்ப்பட்டை மாட்டினால் ஒரே கையால் நாயை மேலே தூக்கிவிடலாம். இரவில் சிறுநீர் கழிக்க விடும்போதும், வேலி இருந்தாலும், கூடவே போய் நில்லுங்கள். விடியலும் பொழுது சாய்வதும் கூடுதல் கவனம் தேவைப்படும் நேரங்கள்.

கவ்விவிட்டால் கையை வாய்க்கிடையே விடாதீர்கள். கத்திக்கொண்டே தண்ணீர் பீய்ச்சுங்கள், குடை, தடி, பை எது கிடைத்தாலும் அதால் கயோட்டியை நெருக்குங்கள். விட்டதும் நாயை நேராக விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வெளியே ஊசி குத்தியதுபோல் இரண்டு துளைதான் தெரியும். நாயின் தோல் தளர்வானது. பல் பிடித்து உதறியதில் அடியில் தசை கிழிந்து, மார்பிலோ வயிற்றிலோ காயம் இருக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாய்க்கும் உடனே ஒரு ஊக்க ஊசி போட்டு 45 நாள் கண்காணிப்பில் வைப்பது வழக்கம். தடுப்பூசி இல்லாவிட்டால் விவகாரம் மிகக் கடுமை. மாதக்கணக்கில் தனிமைப்படுத்தல், சில வேளை அதைவிட மோசம். சான்றிதழை அலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூனை இருந்தால் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் அதனால்தான் கயோட்டி வருகிறது என்கிறார். ஒரு பிடிச் சோற்றுக்கா? (மார்க்கம்)

ஒரு பிடிச் சோற்றுக்கு கயோட்டி வரிசை கட்டாது. ஆனால் ஒரு பிடி வைப்பவர்கள் குறைவு. வாழை இலையில் சோறு, பருப்பு, நெய், வடை, பாயசம் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். காகம் தொடாதது மாலை வரை கிடக்கும். அதற்கு எலி வரும், ரக்கூன் என்ற சிறு காட்டு விலங்கு வரும். அவற்றைத் தேடி கயோட்டி வரும். தினமும் வைத்தால் சுற்றில் உங்கள் வீடு ஒரு நிறுத்தமாகிவிடும்.

சம்பிரதாயத்தை விட வேண்டியதில்லை. காலை வெளிச்சத்தில், கைப்பிடியளவு, தட்டில், இடுப்புயர மேசைமேல் வையுங்கள். அரை மணி நேரம் பார்த்துவிட்டு மீதியை உள்ளே எடுத்து, மேசையைத் துடைத்துவிடுங்கள். உங்கள் நகராட்சி விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து டொரொண்டோவில் 2023 முதல் சொந்த நிலத்திலும் வனவிலங்குக்குத் தீனி போடத் தடை. பறவைத் தீனிக் கலத்துக்கு மட்டும், உயரத்தில் சுத்தமாக வைத்தால், விலக்கு.

மற்றவை: குப்பையை முந்தைய இரவே வெளியில் தள்ளாதீர்கள், வண்டி வரும் காலையில் தள்ளுங்கள். சமையல் கழிவுத் தொட்டியின் மூடிப் பூட்டைத் திருப்புங்கள். எலும்பையும் மீன் செதிலையும் அந்த நாள் வரை உறைபெட்டியில் வைத்தால் வாடை இருக்காது. உதிர்ந்த ஆப்பிள், பேரிக்காயைத் தினமும் பொறுக்குங்கள். பறவைத் தீனி சிந்துகிற இடத்தைக் கூட்டுங்கள். நாய், பூனையின் கிண்ணம் வெளியே தங்கக் கூடாது. பார்பிக்யூ அடுப்பின் கொழுப்புத் தட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கையால் ஊட்டுவது இவை எல்லாவற்றையும்விடக் கேடு. வான்கூவரின் ஸ்டான்லி பூங்காவில் 2020 டிசம்பரிலிருந்து 2021 இலையுதிர் காலத்துக்குள் 45 பேர் தாக்கப்பட்டார்கள். ஓடிக்கொண்டிருந்தவர்கள் பலருக்குக் காலில் கடி. கடைசியில் 11 கயோட்டிகள் கொல்லப்பட்டன. வேண்டுமென்றே போடப்பட்ட தீனி முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. "பாவம், பசிக்குது" என்று பிஸ்கட் போடுகிறவர்தான் அதன் சாவுக்கு அச்சாரம் போடுகிறார்.

நாங்க ஃபிரிஸ்கோவுல ஆறு கோழி வளர்க்கிறோம். சுத்தி கோழி வலை கட்டியிருக்கோம். தாங்குமா? (டெக்சஸ்)

தாங்காது. அறுகோணக் கண் உள்ள கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான், கயோட்டியை வெளியே வைக்க அல்ல, பல்லால் பிய்த்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பி வலை வாங்கி, ஸ்டேப்பிளுக்குப் பதிலாக அகலமான வாஷர் வைத்த திருகாணியால் சட்டத்தில் முடுக்குங்கள். மேலேயும் வலை வேண்டும். கீழே வலையை வெளிப்பக்கமாக எல் வடிவில் மடித்து 18 அங்குலம் தரையில் படுக்கவைத்து மண் மூடுங்கள். சுவரோரம் தோண்ட வரும் விலங்கு நிற்பதே அந்த வலைமேல்தான். அதற்கு அப்பால் தள்ளிப்போய்த் தோண்டும் யோசனை பெரும்பாலும் அதற்கு வராது. தாழ்ப்பாள் இரண்டு அசைவில் திறப்பதாக இருக்கட்டும், அது ரக்கூனுக்காக.

வளவு முழுவதற்கும் வேலி என்றால் குறைந்தது 6 அடி. கயோட்டி பெரும்பாலும் ஒரே தாவலில் தாண்டாது. தாவி, முன்னங்காலால் உச்சியைப் பற்றி, உந்தி ஏறும். அந்தப் பிடியைக் கெடுக்கத்தான் உருளை. எஃகுக் கம்பியை 1 அங்குல பிவிசி குழாய்க்குள் விட்டு, அதன்மேல் தளர்வாகச் சுழலும்படி 3 அங்குலக் குழாயைப் போட்டு, வேலி உச்சியில் தாங்கிகளில் இழுத்துக் கட்டுங்கள். கம்பி தொய்ந்தால் குழாய் சுழலாது. வாயில்கதவுக்கு அடியில் 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. வேலியை ஒட்டி விறகு அடுக்கியிருந்தால் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் உருளைக்குச் செலவழித்தது வீண்.

இரவில் இருபது முப்பது சேர்ந்து ஊளையிடுகின்றன. கூட்டமாக வேட்டைக்கு வருகின்றனவா?

இரண்டு மூன்றுதான் இருக்கும். ஒவ்வொன்றும் குரலைச் சட்டென்று மாற்றி மாற்றிக் கத்துவதாலும், சுவர்களிலும் மரங்களிலும் பட்டு எதிரொலிப்பதாலும் பெருங்கூட்டமாகக் கேட்கும். குடும்பம் ஒன்றையொன்று கூப்பிடுகிறது, அல்லது அயல் குடும்பத்துக்கு எல்லையைச் சொல்கிறது. தூங்குங்கள்.

ரோமமெல்லாம் உதிர்ந்த கயோட்டி ஒன்று வீட்டை ஒட்டிய மரத் தளத்துக்கு (டெக்) அடியில் வந்து படுக்கிறது. இறைச்சியில் மருந்து வைக்கலாம் என்கிறார்கள்.

அது சொறி, தோலுக்குள் துளைக்கும் சிற்றுண்ணியால் வருவது. ரோமம் போனதால் குளிர் தாங்காமல் வீட்டு வெப்பத்தைத் தேடி வருகிறது. மருந்தை நீங்கள் வைக்காதீர்கள். எந்த விலங்கு எவ்வளவு தின்னும் என்பது உங்கள் கையில் இல்லை. சொறிக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற மருந்து கோலி போன்ற சில இன நாய்களுக்கு நஞ்சாகும். படமெடுத்து, வரும் நேரத்தைக் குறித்து, உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வு மையத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள், அதற்கும் தொற்றும். அது போன பிறகு, உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்து, டெக்கின் அடிப்பாகத்தைக் கம்பி வலையால் அடையுங்கள். எலி மருந்து வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்னும் விலங்குக்கும் அந்த நஞ்சு போகும்.

ஆளைக் கடித்துவிட்டால்?

சோப்பும் ஓடும் நீரும் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், கைக்கணக்கில் இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். பிறகு அவசரப் பிரிவு. முன்பு வெறிநோய்த் தடுப்பூசி போடாதவருக்கு முதல் நாளில் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத ஊசியும், 0, 3, 7, 14-ஆம் நாள்களில் தடுப்பூசியும் அமெரிக்காவில் வழக்கம். நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு 28-ஆம் நாளும் ஒன்று. கயோட்டியிடம் வெறிநோய் அரிது. ஆனால் அந்த நோய் தொடங்கிவிட்டால் மருந்தில்லை என்பதால், தேவையா இல்லையா என்பதை மருத்துவரும் பொதுச் சுகாதாரத் துறையும் முடிவு செய்யட்டும். வீட்டு நாயைப் போல் பத்து நாள் கவனித்துப் பார்க்கும் முறை இதற்குப் பொருந்தாது.

பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விடக் கூடாதா?

பல இடங்களில் சட்டப்படி முடியாது. ஒன்டாரியோவில் பிடித்த வனவிலங்கை ஒரு கிலோமீட்டருக்குள்தான் விட வேண்டும். கலிஃபோர்னியாவில் அனுமதியில்லாமல் இடம் மாற்றக் கூடாது. சட்டம் இடம்கொடுத்தாலும் பயனில்லை. புதிய இடத்தில் ஏற்கெனவே வேறு குடும்பம் இருக்கும். கொண்டுபோனது அடிபட்டுச் சாகும், அல்லது சாலையில் சாகும். காலியான உங்கள் தெருவுக்கு இலையுதிர் காலத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பும் இளசு ஒன்று வந்து சேரும். நகராட்சிக்கு அழைக்க வேண்டியது ஆளை நெருங்குவது, பட்டையில் இருக்கும் நாயைத் தாக்குவது, விரட்டியும் அசையாமல் நிற்பது ஆகிய நிலைகளில். அழைக்கும்போது இடம், நேரம், எத்தனை, அது செய்தது என்ன, பக்கத்தில் தீனி இருந்ததா என்ற ஐந்தையும் சொல்லுங்கள்.