விண்கலத்துக்கு வழி பார்க்கும் வேலை

(விண்கல வழிகாட்டலை ஆய்வுத் துறையாகக் கொண்ட வான்வெளிப் பொறியியல் பேராசிரியர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்)

கேள்வி: செவ்வாய்க்குப் போகும் கலத்துக்கு ஜிபிஎஸ் கிடையாதே. அது எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது?

அது அனுப்பும் ரேடியோ அலையை வைத்துத்தான். கலம் விலகிப் போனால் அதிர்வெண் குறையும், நெருங்கினால் கூடும். இந்த டாப்ளர் மாற்றத்தை அளந்து, கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கலத்தின் வேகத்தை நொடிக்கு 0.1 மில்லிமீட்டர் வரை சொல்லிவிடலாம். சிக்னல் போய்த் திரும்பும் நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும். ஆனால் இரண்டுமே நம் பார்வைக் கோட்டின் நீளவாக்கில்தான். பக்கவாட்டில் எங்கே என்று அறிய, இரண்டு கண்டங்களில் உள்ள ஆன்டெனாக்கள் கலத்தையும், வானில் அதன் அருகில் தெரியும் ஒரு குவாசாரையும் (இடம் துல்லியமாகத் தெரிந்த, வெகு தொலைவிலுள்ள ரேடியோ மூலம்) மாறி மாறிக் கேட்கும்.

என் பணிக்காலம் பெரும்பாலும் இதற்கு அடுத்த படியில் கழிந்தது. கணக்கு சொன்ன எண்ணுக்கும் அளந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பேன். அது இங்குமங்குமாகச் சிதறிக் கிடந்தால் நிம்மதி. ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கினால், நாங்கள் கணக்கில் சேர்க்காத விசை ஏதோ கலத்தைத் தள்ளுகிறது. சூரிய ஒளிகூடத் தள்ளும்.

கேள்வி: அலகுக் குழப்பத்தால் ஒரு கலம் அழிந்ததாமே?

மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், 1999 செப்டம்பர் 23. சிறு உந்திகளின் உந்துதலைத் தரை மென்பொருள் பவுண்டில் கொடுத்தது. வழிக்கணக்கு நியூட்டனாக எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம். செவ்வாயை முதலில் நெருங்கும்போது சுமார் 226 கி.மீ. உயரத்தில் கடக்க வேண்டியது, ஏறக்குறைய 57 கி.மீ.க்கு இறங்கிவிட்டது. பலர் கதையை இதோடு முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். அந்த உந்துதல் பெரும்பாலும் பார்வைக் கோட்டுக்குக் குறுக்காக விழுந்ததால் டாப்ளரில் சரியாகத் தெரியவில்லை. அப்படியும் வழிகாட்டல் குழுவுக்குச் சந்தேகம் வந்தது. அதை முறைப்படி எழுப்பி விசாரிக்கவில்லை. வகுப்பில் நான் அதிக நேரம் பேசுவது இந்த இடத்தைத்தான்.

கேள்வி: எண்களையே பார்த்துக்கொண்டிருந்தால் சலிக்காதா?

இல்லை. 1979 மார்ச் 8 அன்று, கலத்தின் இடத்தைக் கணிப்பதற்காக வாயேஜர் 1 ஒரு படம் எடுத்தது. அதில் மங்கலான விண்மீனைத் தேடிய பொறியாளர் லிண்டா மொராபிட்டோ, வியாழனின் அயோ நிலவின் விளிம்பில் குடை விரித்தாற்போல் ஒன்றைக் கண்டார். எரிமலைப் புகை! பூமிக்கு வெளியே எரிமலை வெடித்துக்கொண்டிருப்பதை மனிதர் பார்த்தது அதுவே முதல்முறை.

கேள்வி: இத்துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும். கால்மன் 1960-இல் வெளியிட்ட வடிகட்டியை, அதாவது பிழை கலந்த அளவீடுகளிலிருந்து உண்மை நிலையைக் கணிக்கும் கணக்கு முறையை, நீங்களே நிரலாக எழுதிப் பாருங்கள்.