டேப் வந்தால் பேச்சு வராதா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, ஆட்டிசம். ‘அம்மா’, ‘தா’ தவிர வார்த்தை வரவில்லை. படத்தைத் தொட்டால் பேசும் ஆப்பை டேப்லெட்டில் போடச் சொல்கிறார் ஸ்பீச் தெரபிஸ்ட். என் மாமியாரோ, ‘மெஷினே பேசிட்டா பிள்ளை எதுக்கு வாயைத் திறக்கும்?’ என்கிறார். பள்ளியில் டேப்புக்கு அனுமதி இல்லையாம். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: மாமியாரின் பயம் பல வீடுகளில் உள்ளதுதான். ஆனால் இப்படிப் படம் தொட்டுப் பேசுவதால் பிள்ளையின் சொந்தப் பேச்சு தடைபடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன, சில பிள்ளைகளுக்கு வார்த்தை கூடியும் இருக்கிறது. தைரியமாகத் தொடங்குங்கள். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ முதலில் தனிக் கருவியாக வந்து பிறகு டேப்லெட் செயலியானது, தமிழிலும் பேசும்.

வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் போதாது. முதல் சில வாரங்கள் நீங்கள்தான் தொட வேண்டும்: தோசை ஊற்றும்போது ‘தோசை’, குளிக்கக் கூப்பிடும்போது ‘குளியல்’, வாயாலும் சொல்லிக்கொண்டே. ‘தோசை எங்கே, காட்டு’ என்று பரீட்சை வைக்காதீர்கள், பிள்ளை வெறுத்துவிடும். பாட்டியின் போட்டோவை முதல் பக்கத்திலேயே போடுங்கள் (பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்!). அப்புறம், நிறையப் பேர் சாப்பாட்டுப் படங்களோடு நிறுத்திவிடுகிறார்கள்; ‘வேண்டாம்’, ‘போதும்’, ‘வலிக்குது’ இருக்கிறதா பாருங்கள். படங்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள், எது எங்கே என்பதை அவன் விரல் பழகிக்கொள்ளும்.

அந்த டேப்பில் கேம், யூடியூப் எதுவும் வேண்டாம். ஐபேடில் 2012 முதல் ‘கைடட் ஆக்சஸ்’ இருக்கிறது, ஆண்ட்ராய்டில் ‘ஆப் பின்னிங்’, இரண்டுமே ஒரே செயலியில் திரையை நிறுத்தி வைக்கும். சேட்டை செய்தான் என்று டேப்பைப் பிடுங்கி பீரோவில் வைப்பதை மட்டும் செய்யவே கூடாது, வாயில் பிளாஸ்திரி ஒட்டுவதும் அதுவும் ஒன்றுதான்.

பள்ளிக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ‘தகவல் தொடர்பு’ என்பதிலேயே இத்தகைய மாற்றுவழிப் பேச்சையும் சேர்த்திருக்கிறது, பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்து தருவது பள்ளியின் கடமை என்றும் சொல்கிறது. சண்டைக்குப் போக வேண்டாம், தெரபிஸ்ட்டிடம் கடிதம் வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, அவர் முன்னாலேயே பையனைப் படம் தொட்டுப் பேசச் சொல்லிக் காட்டுங்கள். முக்கியமான இருபது படங்களை அச்செடுத்து லேமினேட் செய்து பையில் போட்டுவிடுங்கள், சார்ஜ் தீர்ந்த நேரத்தில்தான் அவனுக்குப் பாத்ரூம் அவசரம் வரும்.