பழைய சீன லாக்கர் (மரப்பால் பூசி பளபளப்பாக்கின) பாத்திரங்கள்ல இருக்கிற சிவப்பும் கருப்பும் என்ன நிறமின்னு எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

முதல்ல ஒண்ணு, இது நம்ம அரக்கு இல்ல. நம்ம அரக்கு பூச்சிலேர்ந்து வர்றது, சீனாவோடது மரத்துப் பால். சேங்கொட்டை, முந்திரி குடும்பத்து மரம்தான், பால் தோல்ல பட்டா அதே மாதிரி கொப்பளிச்சுடும். காத்துல ஈரம் இருந்தாதான் இறுகும், இறுகிட்டா தண்ணிக்கு அசையாது, அதனாலதான் 1972ல சாங்ஷாவுல மாவாங்துய் கல்லறையைத் தோண்டினப்போ 2,100 வருஷத்துக்கும் மேல மண்ணுக்குள்ள கிடந்த தட்டும் கிண்ணமும் பளபளன்னு வெளிய வந்துச்சு.

சிவப்பு பெரும்பாலும் சாதிலிங்கம், சித்த மருந்துல வர்ற அதே பாதரச சல்ஃபைடு. எக்ஸ்ரேயைப் பாய்ச்சி என்னென்ன தனிமம் இருக்குன்னு பாக்குற எக்ஸ்ஆர்எஃப் மெஷினை வச்சா பொருளைச் சுரண்டாமலே பாதரசம் இருக்குன்னு காட்டிடும். ஆனா அது அடியில இருக்கிற லேயரையும் சேத்துத்தான் காட்டும், இரும்பு தெரிஞ்சா அது மேல பூசின காவியோட இரும்பா, அடியில இருக்கிற கருப்போட இரும்பான்னு சொல்ல முடியாது. அங்கதான் ராமன் முறை வேணும், லேசர் ஒளி பட்டுச் சிதறுறதை வச்சு எந்தச் சேர்மம்னு கண்டுபிடிக்கிறது, 1928ல சி.வி.ராமன் கல்கத்தாவுல கண்டுபிடிச்சாரே அந்த விளைவுதான். எம்.எஸ்சி. படிக்கிறப்போ சாதிலிங்கத் தூளை லேசருக்குக் கீழ வச்சுப் பாத்திருக்கேன், வர்ற வரைபடத்துல 253, 343 அலைஎண்ல (செ.மீ⁻¹) பீக் எழும்பி நிக்கும், அப்புறம் சந்தேகத்துக்கே இடமில்ல. பவரை ரொம்ப கம்மியா வைக்கணும், இல்லன்னா சாம்பிள் கருகிடும்.

மஞ்சளுக்கு அரிதாரம், ஆர்சனிக் சல்ஃபைடு. மேக்கப்பை அரிதாரம்னு சொல்றோமே, அந்தப் பேரே இந்தக் கல்லுலேர்ந்து வந்ததுதான். வெள்ளை மட்டும் சரியா வராது, பாலே பழுப்பா இறுகுறதால எதைக் கலந்தாலும் அழுக்காத்தான் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கருப்புதான். ஏற்கெனவே உதிர்ந்த துணுக்கு, கடுகுல பாதி இருக்கும், அதை ரெசின்ல புதைச்சு குறுக்க தேச்சு மைக்ராஸ்கோப்புல பாத்தா, கீழ மண்ணோ எலும்புச் சாம்பலோ கலந்த அடிப்பூச்சு, அதுக்கு மேல கருப்பு லேயர், உச்சியில மெல்லிசா சிவப்புப் பொடிப்பொடியா மின்னும். சில பாத்திரத்துல அந்தக் கருப்புல கரித்துகள் இருக்கும். சிலதுல எவ்வளவு பெருசாக்கிப் பாத்தாலும் ஒரு துகள்கூட இருக்காது, ஆனா எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல அந்த லேயர்ல இரும்பு தெரியும். அப்படின்னா அங்க நிறமின்னு தனியா எதுவும் கலக்கல, இரும்பு அந்த மரப்பாலோட சேந்து பாலையே கருப்பாக்கிடுச்சு. அதனால யாராவது எக்ஸ்ஆர்எஃப் ரிசல்ட் மட்டும் வச்சு நிறமி இதுதான்னு சொன்னா, குறுக்குவெட்டு படம் இருக்கான்னு கேளுங்க.