மென்டரிடம் எதைக் கேட்கலாம்?

அறிவியல், தொழில்நுட்ப வேலைகளில் இருக்கும் பெண்களிடமிருந்து இம்முறை மென்டர், அதாவது வேலையில் வழிகாட்டும் மூத்தவர், பற்றியே நிறையக் கடிதங்கள். சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இரண்டாம் ஆண்டு. கைடு நல்லவர், விஷயம் தெரிந்தவர். ஆனால் துறையில் ஒரு பெண் பேராசிரியர்கூட இல்லை. என் தயக்கங்களை யாரிடம் சொல்வது அம்மா?

பேராசிரியராகத்தான் இருக்க வேண்டுமா என்ன? உங்களுக்கு இரண்டு வருடம் முன்னால் போய்க்கொண்டிருக்கும் ஒரு பெண் போதும். அவர் பக்கத்துத் துறையில் இருந்தாலும் சரி.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் டாரா டெனெஹியும் நீலாஞ்சனா தாஸ்குப்தாவும் பொறியியல் சேர்ந்த 150 மாணவிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சிலருக்குப் பெண் மென்டர், சிலருக்கு ஆண் மென்டர், மீதிப் பேருக்கு யாருமில்லை. 2017-இல் முடிவு வெளியானது. பெண் மென்டர் கிடைத்தவர்களில் ஒருவர்கூட முதலாண்டு முடிவதற்குள் பொறியியலை விட்டுப் போகவில்லை. மற்ற இரு பிரிவுகளிலும் போனவர்கள் உண்டு. அந்த மென்டர்கள் பெரிய விஞ்ஞானிகள் இல்லை, மேல்வகுப்பு மாணவிகள். 'இது எனக்கும் உரிய இடம்தான்' என்ற எண்ணம் கலையாமல் பார்த்துக்கொண்டதுதான் அவர்கள் செய்த பெரிய வேலை.

அதற்காக ஆண்களை ஒதுக்கிவிடாதீர்கள். ஜெர்மன் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க், பல்கலைக்கழகத்தில் பெண்களை விதிவிலக்காக மட்டுமே சேர்க்கலாம் என்று 1897-இல் எழுதியவர். அவரே பிறகு லீசே மைட்னர் என்ற இளம் பெண் இயற்பியலாளரைத் தன் வகுப்பில் உட்கார அனுமதித்தார். 1912-இல் சம்பளத்துடன் தன் உதவியாளராகவும் ஆக்கிக்கொண்டார். அதுவரை மைட்னர் பெர்லினில் சம்பளமே இல்லாமல் ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஆளுடைய கொள்கையைவிட, அவர் உங்களுக்காக என்ன செய்யத் தயாராக இருக்கிறார் என்று பாருங்கள். கணக்கும் கருவியும் கைடிடம், தயக்கங்கள் அந்தப் பக்கத்துத் துறைப் பெண்ணிடம். எல்லாவற்றையும் ஒரே தலையில் ஏற்றினால் அவரும் தாங்க மாட்டார்.

கேள்வி: மென்பொருள் பொறியாளர், ஆறு வருட அனுபவம். அலுவலகத் திட்டத்தில் ஒரு மென்டரை ஒதுக்கியிருக்கிறார்கள். மாதம் ஒருமுறை சந்திக்கிறோம், நன்றாகப் பேசுகிறார், தைரியம் சொல்கிறார். வருடம் ஓடிவிட்டது, என் வேலையில் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லையா?

உங்கள் மீது தப்பில்லை. ஹெர்மினியா இபாரா, நான்சி கார்ட்டர், கிறிஸ்டின் சில்வா என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2010-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது: நிறுவனங்களில் பெண்களுக்கு அறிவுரை சொல்லும் ஆட்கள் தாராளமாகக் கிடைக்கிறார்கள், பதவி உயர்வுப் பேச்சு வரும் அறையில் அவர்கள் பெயரை எடுத்துச் சொல்லும் ஆட்கள்தான் குறைவு.

எனக்கு ஒரு மூத்தவர் வாய்த்திருந்தார். அறிவுரை என்று ஒரு வரி சொன்னதாக நினைவில்லை, தைரியமும் சொன்னதில்லை. ஒரு கருத்தரங்குக்குப் போக முடியாமல் போனபோது, 'எனக்குப் பதிலாக இவர் பேசுவார், இந்த முடிவுகள் இவருடையவை' என்று அமைப்பாளர்களுக்குக் கடிதம் எழுதி, நகலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அப்போது கோபம்கூட வந்தது! அடுத்த வருட அழைப்பு நேராக என் பெயருக்கே வந்தது.

உங்கள் மென்டர் அப்படித் தானாகச் செய்யாவிட்டால் வாய்விட்டுக் கேளுங்கள். 'என் வளர்ச்சிக்கு என்ன செய்யலாம்?' என்று கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். 'அடுத்த டிசைன் ரிவ்யூவில் நான் பேச விரும்புகிறேன். என் வரைவைப் படித்துவிட்டு, அங்கே என்னை மடக்கக்கூடிய கேள்விகளைச் சொல்வீர்களா?' இது ஒரு வேலை. 'இந்தப் புதிய ப்ராஜெக்டுக்கு ஆள் தேடும்போது என் பெயரை மேனேஜரிடம் சொல்வீர்களா?' இது இன்னொன்று. ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். சொன்னாரா என்று அடுத்த மாதம் விசாரிக்கலாம், அதில் வெட்கம் வேண்டாம். பதவி உயர்வுக்கான மதிப்பீட்டுப் படிவத்தை உங்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்கச் சொல்வதும் நல்லது. எதை எழுதினால் எடுபடும் என்பது அந்த அறைக்குள் இருந்தவருக்குத்தான் தெரியும். அவர் அந்த அறைக்குப் போகாதவரா? சரி, நட்பு தொடரட்டும். போகிறவர் ஒருவரைத் தனியாகத் தேடுங்கள்.

கேள்வி: நான் ஆண், டீம் லீட். அணியில் இருக்கும் இளம்பெண்களுக்கு வழிகாட்ட ஆசை. தனியாகப் பேசினால் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

பையன்களை எங்கே, எவ்வளவு நேரம் சந்திக்கிறீர்களோ, பெண்களையும் அங்கேயே, அவ்வளவு நேரம் சந்தியுங்கள். எல்லோருக்கும் ஒரே நாள், ஒரே அறை என்று காலண்டரில் போட்டுவிட்டால் பேச்சே எழாது.

பயத்தில் ஒதுங்கிவிட்டால் நஷ்டம் யாருக்கு? கோரின் மாஸ்-ரகூசினும் சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை 127 பல்கலைக்கழக அறிவியல் ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள். சிலருக்கு ஜான் என்ற பெயரில், மற்றவர்களுக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜெனிஃபருக்குத் திறமையும் குறைவு என்றார்கள், சம்பளமும் குறைத்தார்கள். கூடவே, வழிகாட்டத் தாங்கள் தயார் என்று சொன்னதும் அவருக்குக் குறைவாகத்தான். பெண் ஆசிரியர்களும் இதில் விதிவிலக்கில்லை, எங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: குழந்தைக்காக நான்கு வருடம் ஆய்வை விட்டிருந்தேன். திரும்பி வருபவளுக்கு யார் கைகொடுப்பார்கள்?

பிரிட்டனில் டாஃப்னி ஜாக்சன் என்ற இயற்பியல் பேராசிரியை இந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே 1985-இல் ஒரு ஆய்வு உதவித்தொகைத் திட்டம் தொடங்கினார். பகுதிநேர ஆய்வு, மறுபயிற்சி, கூடவே ஒரு மேற்பார்வையாளர். அவர் பெயரிலேயே இன்றும் நடக்கிறது. உங்கள் துறையில் இப்படி என்ன இருக்கிறது என்று பழைய சகாக்களிடம் விசாரியுங்கள். இடைவெளிக்கு மன்னிப்புக் கேட்டு விண்ணப்பத்தைத் தொடங்காதீர்கள். ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வரியில் ஆய்வுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: என் முடிவுகளை மென்டர் தன் பெயரை முதலில் போட்டு ஆய்விதழுக்கு அனுப்பப்போகிறார். எப்படித் தடுப்பது?

ஆய்விதழ்கள் பல இப்போது யார் என்ன செய்தார் என்ற குறிப்பைக் கேட்கின்றன. அதற்கென்று கிரெடிட் என்ற பெயரில் 14 பங்களிப்புகள் கொண்ட ஒரு பட்டியலே இருக்கிறது. அதை இன்றே நிரப்பி, கட்டுரையில் பெயர் வரும் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, 'திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். தேதியோடு ஒரு பதிவு ஆகிவிடும். அப்படியும் மசியாவிட்டால் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் போகலாம். அதற்கு முன் லேப் நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.