கீரைக்கட்டும் கணக்கு நோட்டும்

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் வாரம் இரண்டு பீரியட் தோட்ட வேலை. விளைந்ததைப் பிள்ளைகளே விற்றுக் கணக்கும் எழுத வேண்டுமாம். படிக்கிற நேரம் போகிறதே என்று மனசு அடித்துக்கொள்கிறது. போய்ப் பேசட்டுமா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: அவசரப்பட்டுப் போய்விடாதீர்கள், அம்மா. நடுநிலைப் பள்ளியில் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன். முதல் மூன்று ரேங்கை விட்டு இறங்கியதே இல்லை. சிறுகீரை விதைத்து, 25 நாளில் பிடுங்கி, வாழைநாரில் கட்டி, பள்ளி வாசலில் விற்க உட்கார்ந்தான். "கட்டு என்ன விலை?" என்று ஒரு பாட்டி கேட்டதும் என் முகத்தைப் பார்க்கிறான். அட்டையில் விலை எழுதியது அவன்தான், வாய் வரவில்லை. மூன்றாவது வாரம் அதே பாட்டி, "வாடியிருக்கே" என்றார். "காலையில பிடுங்கினது பாட்டி, தண்ணி தெளிச்சுத் தரேன்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் கணக்கில் பன்னிரண்டு ரூபாய் குறைந்தது. அந்தக் காசை நானே போட்டிருக்கலாம், போடவில்லை. பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்து யார் யாருக்குக் கொடுத்தோம் என்று யோசித்து, சத்துணவு ஆயா இரண்டு கட்டு கடனாக வாங்கியதைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் அவர் மனம் கோணாமல் கேட்டு வாங்கியும் வந்தார்கள். கொடுத்த கடனைக் கேட்பது பெரியவர்களுக்கே எவ்வளவு சங்கடம்!

இது நேற்று வந்த யோசனை இல்லை. கைத்தொழில் வழியாகவே பாடம் நடக்க வேண்டும் என்று 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி சொன்னார். அதன்படி நம் ஊரிலும் ஆதாரப் பள்ளிகள் நடந்தன. 1939இல் அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள் பண்ணையில் உழைத்து, விளைந்ததைக் கடை வைத்து விற்று, சொந்தக் காசைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எழுதினார். அந்த வயதில் பிள்ளைக்குப் பெரியவர்கள் நடுவே தனக்கு என்ன இடம் என்றுதான் தவிப்பு. பாராட்டிப் பேசினால் அது அடங்காது. முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுத்து, தான் வளர்த்ததை வாங்கிப்போக வேண்டும்.

ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது? சாரே எழுதி, பிள்ளைகளை போட்டோவுக்கு மட்டும் நிறுத்தினால், கட்டாயம் போய்ப் பேசுங்கள். பிள்ளைகள் கையில் இருந்தால், தோட்ட வேலை முடிந்து வருகிற அன்று மகளிடம் கேளுங்கள், இன்றைக்கு எத்தனை கட்டு போச்சு, மிச்சத்தை என்ன செய்தீர்கள் என்று.