கார் மேட்டில் ஆஃப் ஆகிறது, பின்னால் உருள்கிறது. கியர் வண்டி எனக்கு வராதா?

வரும். தர்மபுரியில் பத்து நாள் டிரைவிங் ஸ்கூல் போயும் மேட்டில் வண்டி எடுக்க வரவில்லை என்கிறீர்கள். குறை உங்களிடம் இல்லை. பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் கிளட்ச், பிரேக் இருக்கும். ஆஃப் ஆகப்போகும் நொடியில் அவர் மிதித்துவிடுவார். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று உங்கள் காலுக்குத் தெரியாமலே பத்து நாளும் ஓடியிருக்கும்.

முதலில் ஆக்சிலரேட்டரை மறந்துவிடுங்கள். சமமான காலி மைதானத்தில், ஏசியை அணைத்துவிட்டு, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி கிளட்சை மட்டும் மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனக்கும், இன்ஜின் வேகம் காட்டும் ஆர்பிஎம் முள் கொஞ்சம் இறங்கும், வண்டியில் லேசான நடுக்கம் தெரியும். கிளட்ச் பிடிக்கும் இடம் அதுதான். அங்கே காலை இரண்டு நொடி அப்படியே நிறுத்துங்கள். இன்ஜினோடு சேர்ந்த ஃப்ளைவீல் என்ற கனமான வட்டு சுற்றுகிறது, சக்கரமோ நிற்கிறது. இரண்டும் ஒரே வேகத்துக்கு வரும்வரை நடுவிலுள்ள கிளட்ச் பிளேட் வழுக்கியாக வேண்டும். வண்டி நகர்ந்ததுமே காலைப் படக்கென்று எடுத்துவிடுவதால்தான் குலுங்கி ஆஃப் ஆகிறது. ஒரு நாளைக்கு 30, 40 தடவை இதை மட்டும் செய்யுங்கள். நான்கைந்து நாளில் கால் அந்த இடத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும்.

மேட்டுக்கு அப்புறம்தான் போக வேண்டும். வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரை 1,500 ஆர்பிஎம் வரும் அளவுக்கு மிதித்து அங்கேயே வையுங்கள். கிளட்சை மெல்ல விடும்போது முன்பக்கம் லேசாகத் தூக்கும். இப்போது ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திக் கீழே இறக்குங்கள். வண்டி உருளாது. பின்னால் போகிற மாதிரி இருந்தால் யோசிக்காமல் கிளட்ச், பிரேக் இரண்டையும் மிதித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஹேண்ட் பிரேக் இல்லாமலே எடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். எடுக்கலாம்தான், டீசல் வண்டியில் சுலபமும்கூட. ஆனால் புதிதாகப் பழகுபவருக்குப் பின்னால் ஒரு பஸ் நின்று ஹாரன் அடிக்கும்போது அந்த வித்தை கைகொடுக்காது. மேட்டில் தானாக பிரேக் பிடிக்கும் ஹில் ஹோல்ட் வசதி இருக்கிற வண்டியும் இரண்டு மூன்று நொடிதான் பிடித்து நிற்கும். தயவுசெய்து மேட்டில் ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது கிளட்சைப் பாதி விட்டபடியே, வண்டியை நிறுத்திவைத்துப் பழகாதீர்கள். பிளேட் தேய்ந்து கருகல் வாடை வரும். வந்துவிட்டால் ஓரங்கட்டி, கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், நம் மாவட்டத்தில் வண்டி பழகுபவர் ஏறுவதைவிட இறங்கத்தான் முக்கியமாகக் கற்க வேண்டும். சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். அங்கே டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று லாரியை எந்த கியரிலும் இல்லாமல் நியூட்ரலில் விடுகிறார்கள். பாரம் மொத்தத்தையும் பிரேக் மட்டுமே தாங்கிச் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போய், முன்னால் போகும் கார்கள்மேல் ஏற்றுகிறார்கள். எத்தனை குடும்பங்கள் அழிந்திருக்கின்றன! மிச்சமாகும் டீசலுக்குக் காசு தருகிற முதலாளிகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பேன். டிரைவர் பிழைப்பு தெரியாமல் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், அந்த வண்டியில் முதலில் நசுங்குவதும் டிரைவர்தான்.

காரில் நியூட்ரல் போட்டால் அந்த மிச்சம்கூட இல்லை. வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இப்போதைய இன்ஜின்கள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை மூடிவிடும், பெட்ரோல் போகாது. நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் ஐடிலில் ஓட பெட்ரோல் வேண்டும். சாவியை அணைப்பது அதைவிட மோசம். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே தேர்டுக்கு வந்துவிடுங்கள், செங்குத்தாக இருந்தால் செகண்ட். பிரேக்கில் காலை ஊன்றியபடியே இறங்காமல், அழுத்தி வேகம் குறைத்து விட்டுவிடுங்கள், மறுபடி கூடினால் மறுபடி அழுத்துங்கள். வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதே முறைதான்.

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும், ஆறு மாதம் வரை அது செல்லும். அதுவரை முன்னும் பின்னும் எல் போர்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் கட்டாயம். சின்ன இறக்கங்களில் தேர்ட் கியரில் இறங்கிப் பழகாதவரை, சேலம் போக வேண்டியிருந்தால் சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.